சக்கரமில்லாத எங்கள் லாரி

பரீட்சை வைக்க வந்த அதிகாரி எங்கள் லாரியை மூன்று தரம் சுற்றி வந்தார்.

லாரி என்று சொன்னது நாங்கள் மட்டும்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அது செங்கல் அடுக்கின்மேல் கிடத்தி வைத்த நீளமான இரும்புச் சட்டம். சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, டிரைவர் உட்கார இடமும் இல்லை. முன்னால் இரண்டு பெரிய விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, நடுவில் பேட்டரி, டைனமோ, எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார். ஒயர்கள் மறைவில்லாமல் சட்டத்தின் மேலேயே ஓடின. நெய்வேலியில் சுரங்க வண்டிகளைப் பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப்பின் கடைசிக் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, நாலைந்து மாதமாக அதுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டையில் சுரங்கத்துப் பழுப்புத் தூசு படிந்துவிடக் கூடாதே என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். இது என்ன என்று எங்கள் உதவிப் பொறியாளர் வரதராஜனிடம் கேட்டார். வரதராஜன் என்னைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சுப்பையாவின் வேலை என்றார். பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், புகாராகவும் எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் போனாலும் தனக்கு ஆபத்தில்லாமல் பேசுவதில் அவர் கெட்டிக்காரர்.

எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். துவைத்த காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு, தலையில் எண்ணெய். அன்றைக்குத் தேறினால் ஆறு பேரும் பர்மனென்ட் எலக்ட்ரீஷியன். தவறினால் மறுபடியும் கான்ட்ராக்டில் மண்வெட்டப் போக வேண்டியதுதான்.

அதிகாரி நின்றார். "நன்றாக இருக்கிறது. ஆனால் இதிலேயே பழகியவர்களுக்கு இதிலேயே பரீட்சை வைத்தால் அது பரீட்சை ஆகாது. வெளியே ஒரு லாரி நிற்கிறதே, அதில் வைத்துக்கொள்வோம்" என்றார்.

வெளியே நிற்கிற லாரி என்றதும் நான் பயந்துவிட்டேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

புரியுதுங்க

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகர்ப் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் ஒயர்மேனாக இருந்த நான், இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறி வந்தவன். படிப்பு குறைச்சல், கோபம் அதிகம், வயது இருபத்தாறு. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு வாசனை போகாத புது வீடு. பக்கத்து வீட்டுக்காரர் கோயம்புத்தூர், எதிர் வீட்டுக்காரர் தஞ்சாவூர். என் மனைவி பேசுகிற தமிழ் அவர்களுக்கும், அவர்கள் பேசுகிற தமிழ் அவளுக்கும் விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று.

சுரங்கத்தில் வண்டிகள் பெருகிக்கொண்டே போயின. லாரி, ஜீப், டம்பர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்து ஜாதகம். தூசு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தின்றது. காலையில் எரிந்த விளக்கு சாயங்காலம் எரியாது. எலக்ட்ரீஷியன்கள் போதவில்லை.

அப்போதுதான் ஆறு பேரை என்னிடம் அனுப்பினார்கள். சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊர்ப் பக்கத்துக்காரர்கள். கான்ட்ராக்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். எல்லாருக்கும் என்னைவிட வயது கூட. அவர்களில் மூத்தவர் கலியபெருமாள். முப்பத்தெட்டு இருக்கும். ஆயுசுக்கும் ஊரார் நிலத்தில் உழைத்து, கடைசியில் சொந்தமாகக் கால் காணி வாங்கியவர். வாங்கிய மூன்றாம் வருஷம் அது சுரங்கத்துக்குள் வந்துவிட்டது.

"எங் கொல்லய நானே வெட்டிக் கொட்டனன் சார். வேற ஆளு வெட்டறதுக்கு நாமளே வெட்டலாமேன்னு போனன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டும். கரும்பலகை கொடுத்தார்கள். நான் படம் போட்டேன். பேட்டரிக்கு இரண்டு கோடு, விளக்குக்கு ஒரு வட்டம், சுவிட்சுக்கு ஒரு வெட்டு. ஆறு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். புரிகிறதா என்று கேட்டால் ஒரே குரலில் "புரியுதுங்க" என்பார்கள்.

அந்த ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி. சொல்லிக் கொடுக்கிறவன் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்வது அவனை அவமதிப்பது என்று நினைத்தார்கள். நான் அதைப் புரிந்துகொள்ளாமல், ஆஹா, நம்மைப்போல் வாத்தியார் உண்டா என்று மிதப்பில் இருந்தேன்.

முதல் பரீட்சையில் ஆறு பேரும் தோற்றார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

வரதராஜன் என்னைக் கூப்பிட்டார். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குச் சர்க்யூட் ஏறாது, வெளியூரிலிருந்து படித்தவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும்தான் இங்கிலீஷ் தெரியாது என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. அதற்காகவோ என்னவோ, இன்னும் ஒரே ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து, என்று எழுதிக் கொடுத்தார். கலியபெருமாளுக்கு அதற்குமேல் வயது வரம்பு தாண்டிவிடும். அவருக்கு அது உண்மையிலேயே கடைசித் தடவை.

பெட்டிப் பலகை

அந்த நாளில் வெளிநாட்டு இயந்திரங்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்ததும் பலகைக்கு ஆள் ஆளாகப் பறப்பார்கள். டவுன்ஷிப்பில் பாதி வீட்டுக் கட்டிலும் அலமாரியும் அந்தப் பலகைதான். ஜெர்மன் எழுத்து போட்ட முக்காலியில் உட்கார்ந்து நான் எத்தனையோ வீட்டில் காபி குடித்திருக்கிறேன்.

நானும் இரண்டு பலகை கொண்டுவந்தேன். கரும்பலகையில் வரைந்ததை எல்லாம் நிஜச் சாமானாக அதில் பொருத்தினேன். பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு ஒரு ஒயர், சுவிட்சிலிருந்து விளக்குக்கு ஒன்று, விளக்கிலிருந்து திரும்பவும் பேட்டரிக்கு ஒன்று. கோடாக இருந்தபோது மண்டையில் ஏறாதது, கையில் தொட்டதும் ஏறியது. மூன்று வாரத்தில் ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒயர் மாட்டினார்கள். அவர்களில் ராசாக்கண்ணு என்று ஒருவர், அதிகம் பேசாத மனிதர், ஒயரின் தோலைப் பல்லால் உரிக்கிற அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே போய் வரதராஜனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், ஆறு பேரைப் பார்த்தார். பின்பக்க விளக்கு ஒயர் எரிந்துபோன ஒரு லாரி நிற்கிறது, அதைச் சரிசெய்யச் சொல் பார்ப்போம் என்றார்.

ஒயர்ச் சுருளைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. ஆனால் லாரிக்கு அடியில், பேட்டரியிலிருந்து பின் விளக்குவரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு ஒயர். நாற்றுமுடி கட்டுகிற மாதிரி சணலால் இறுக்கிக் கட்டி, அவ்வளவு நேர்த்தியாக. சுருளே தீர்ந்துவிட்டது.

வரதராஜன் குனிந்து பார்த்தார். நிமிரும்போது கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். லாரிக்கு வீட்டு ஒயரிங் செய்திருக்கிறார்களே சுப்பையா என்றார்.

வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். வீட்டில் ஒரு விளக்கு எரிய மின்சாரம் போக ஒரு ஒயர், திரும்ப ஒரு ஒயர் வேண்டும். வண்டியில் அப்படி இல்லை. போவதற்குத்தான் ஒயர். திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே போதும். பேட்டரியின் ஒரு முனையை அந்த இரும்போடு சேர்த்துவிட்டால் முடிந்தது. இது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதனால்தான் சொல்ல மறந்தேன். பலகை மரம், மரத்தில் மின்சாரம் ஓடாது, ஆகவே இரண்டாவது ஒயர் போட்டேன். போட்டவன் அது பலகைக்காகப் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அவர்களைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. கலியபெருமாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ரெண்டாவது ஒயரு காணங்க. எவனோ செம்புக்கு ஆசப்பட்டு உருவிகினு பூட்டான்னு நெனச்சம். அதான் நாங்களே புதுசா இழுத்துட்டம்."

சுரங்கத்துப் பக்கம் செம்புக் கம்பி காணாமல் போவது அன்றாடச் சங்கதி. அவர்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. திருடு போன சாமானை ஈடுகட்டி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதிகூட அந்த முகங்களில் இருந்தது.

வீட்டுக்குப் போனேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு, "நீங்க எப்பிடிக் காட்டுனீங்களோ அப்பிடித்தானே செஞ்சிருக்காக" என்றாள். அவளுக்கு எலக்ட்ரிக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு பேர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது, நான் பேசியதை மறந்துவிடுங்கள் என்றேன். அன்றுவரை வொர்க்‌ஷாப் வழக்கப்படி எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசிவந்தேன். அன்றைக்கு நாக்கு தானாகவே மாறிக்கொண்டது. அவர்கள் கூச்சத்தில் தரையைப் பார்த்தார்கள். அதிகம் பேசாத ராசாக்கண்ணுதான் வாயைத் திறந்தார்.

"அத்த வுடுங்க சார். மேல ஆவ வேண்டியதப் பாக்கலாம்."

இரும்பு முழுக்க

மேலே ஆக வேண்டியது இரும்பு.

சேத்தியாத்தோப்புச் சாலையில் பள்ளத்தில் விழுந்து உருக்குலைந்த ஒரு லாரி பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. கேபினும் எஞ்சினும் போய்விட்டன. சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் மட்டும் கொஞ்சம் வளைந்து, உயிரோடு இருந்தது. அதைக் கேட்டு எழுதினேன். வரதராஜன் கையெழுத்துப் போட்டார். என்மேல் நம்பிக்கை வந்ததால் அல்ல. குவியல் குறைந்தால் சரி என்பதால்.

கிரேன் கிடைக்கவில்லை. ஆறு பேரும் தங்கள் பழைய கேங் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். குழாய்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சட்டத்தை உருட்டி உருட்டி, ஒரு மத்தியானத்துக்குள் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். துருவைச் சுரண்டவே ஒரு வாரம். பேட்டரி ஆசிட் தெறித்து என் காக்கிக் கால்சட்டையில் சல்லடை போட்ட மாதிரி ஓட்டைகள். டைனமோ ஒரு வண்டியிலிருந்து, விளக்கு ஒன்றிலிருந்து, செல்ஃப் மோட்டார் இன்னொன்றிலிருந்து. எல்லாம் கழித்துப் போட்டவை. எல்லாவற்றையும் அவர்களே பிரித்து, அவர்களே சரிசெய்து, அவர்களே பூட்டினார்கள். நான் கூடியவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமானது.

முதன்முதலாகப் பேட்டரியைச் சேர்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஒயர் கட்டிய ஒரு சின்ன பல்பைக் கலியபெருமாள் கையில் கொடுத்தேன். ஒரு முனையைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு மறு முனையால் இரும்பைத் தொடச் சொன்னேன். தொட்டார். எரிந்தது. ஒரு முழம் தள்ளித் தொட்டார். எரிந்தது. ஒயரை நீளமாக்கச் சொல்லி, சட்டத்தின் ஓரமாக நடந்துகொண்டே தொட்டார். முன்னால், பின்னால், அடியில், ஆணித் தலையில், எங்கே தொட்டாலும் எரிந்தது.

"அப்ப இந்த இரும்பு முழுக்கவே ஒயருதானா சார்?"

ஆமாம் என்றேன். ஆறு பேரும் அந்தச் சட்டத்தை ஒரு கணம் தொட்டுப் பார்த்தார்கள். கரும்பலகையில் ஒரு வருஷம் நான் எழுதி அழித்தது அந்த ஒரு கணத்தில் அவர்களுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் புரியுதுங்க என்று சொன்னதில்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொன்னார்கள். சில நாள் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்கள்.

அதன்பின் ஒரு விளையாட்டு ஆரம்பமாயிற்று. ஒருவர் உள்ளே போய் எங்கேயாவது ஒரு கோளாறு செய்துவைப்பார். மற்ற ஐந்து பேர் வந்து கண்டுபிடிக்க வேண்டும். ஃபியூஸுக்கு அடியில் மெழுகு தடவி வைப்பார்கள். ஒயருக்கு உள்ளே கம்பியை மட்டும் நறுக்கிவிட்டுத் தோலை அப்படியே விட்டிருப்பார்கள். எனக்கே ஒருநாள் வைத்தார்கள். அரை மணி தேடித் தோற்றேன். அன்றைக்குக் கொட்டகையில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இதில் கலியபெருமாளுக்கு ஒரு தனி வழி இருந்தது. மண்வேலையில் குழி வெட்டும்போது நடுவே ஒரு மண்திட்டை மட்டும் வெட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அளந்து முடிக்கும்வரை அதில் கைவைக்க மாட்டார்கள். கலியபெருமாள் வண்டியிலும் அதையே செய்தார். கோளாறு என்று சொன்னதும் மற்றவர்கள் கோளாறை நோக்கி ஓடுவார்கள். அவரோ முதலில் ஒழுங்காக இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடிப்பார். ஒரு விளக்கை ஏற்றி அப்படியே எரியவிட்டு, "இது சாட்சி" என்பார். பிறகுதான் மற்றது. எது சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது கெட்டது என்று தெரியும் என்பது அவர் கணக்கு. பத்து வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றாத வழி அது. நானும் அப்படியே செய்ய ஆரம்பித்தேன்.

கடைசி ஆள்

இனி அந்தப் பரீட்சை நாளுக்கு வருகிறேன்.

அதிகாரி எங்களை எல்லாம் முந்திரி மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, வெளியே நின்ற லாரியில் தன் கையாலேயே ஒவ்வொரு கோளாறாகச் செய்தார். ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டார். முதல் ஆள் ஃபியூஸைக் கண்டுபிடித்தார். இரண்டாவது ஆள், பல்பு உட்காரும் இடத்தில் சொருகியிருந்த காகிதத்தை எடுத்தார். ராசாக்கண்ணு முதலில் வேறு ஒயரைத்தான் இழுத்துப் பார்த்தார். ஆனால் கழன்ற ஒயரைத் தொட்டுவிட்டார். ஐந்து பேர் முடித்துவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. கலியபெருமாள் இன்னும் பாக்கி.

அவருக்கு மட்டும் அதிகாரி கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். லாரிக்கு அடியில் குனிந்து ஏதோ செய்தார். பிறகு கூப்பிட்டு, "வண்டி கிளம்பவில்லை. ஏன் என்று பார்" என்றார். என்னையும் பக்கத்தில் நிற்க அனுமதித்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

கலியபெருமாள் ஏறி செல்ஃபை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் அசையவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதோடு என் உயிரும் போய்விட்டது. நிஜ லாரியில் எஞ்சின் ரப்பர் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர். மின்சாரம் திரும்பிப் போக இரண்டையும் சேர்த்து ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அதிகாரி அதில்தான் கைவைத்திருக்கிறார். எங்கள் கொட்டகை லாரியில் எஞ்சினே கிடையாதே. செல்ஃப் மோட்டாரைச் சட்டத்தோடு நேராகப் பூட்டச் சொல்லியிருந்தேன். ரப்பரும் இல்லை, பட்டையும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்று அவர்களிடம் நான் சொன்னதே இல்லை. பலகையில் செய்த அதே தப்பை இரும்பிலும் செய்துவிட்டேன். இரும்பு முழுக்க ஒயர்தான் என்று தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தச் சொல்லே இப்போது அந்த மனிதருக்குக் குழி.

அவர் இறங்கினார். அவசரப்படவில்லை. முதலில் முன் விளக்கை ஏற்றினார். பளிச்சென்று எரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு தரம் செல்ஃபை அழுத்தச் சொல்லி டிரைவர் அந்தோணியிடம் கேட்டுக்கொண்டார். தான் முன்னால் நின்று விளக்கையே பார்த்தார். டக் என்றது. விளக்கு மங்கவில்லை.

"வெளக்கு அசையவே இல்ல. அப்ப பேட்டரில நோவு இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பல்பை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியில் வைத்தார். மறு முனையால் சேஸிஸைத் தொட்டார். பளிச். செல்ஃப் மோட்டாரின் உடம்பைத் தொட்டார். மின்மினி மாதிரி ஒரு சிவப்பு. எஞ்சினைத் தொட்டார். அதே சிவப்பு. மறுபடியும் சேஸிஸ். பளிச். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வரதராஜன் என்னைப் பார்த்தார். நான் லாரியின் டயரைப் பார்த்தேன்.

கலியபெருமாள் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற இடத்தை விரலால் தடவினார். கறுப்பு ரப்பர். அதை நகத்தால் கீறிப் பார்த்தார்.  பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"இந்த இரும்பு வேற, அந்த இரும்பு வேறங்க. நடுவால ரப்பர் போட்டுப் பிரிச்சி வச்சிருக்குது. ரெண்டயும் சேக்கறதுக்குன்னு எங்கனா ஒண்ணு இருக்கணும். அது வுட்டுப் பூட்டிருக்கு."

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் போனார். அவர் தேடியது என்ன உருவம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு நிமிஷம் கழித்து ஒரு கை வெளியே வந்தது. அதில் மடித்த எண்ணெய்க் காகிதம். பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே அதிகாரி சொருகி வைத்தது. உள்ளே போல்ட்டை முறுக்குகிற சத்தம் கேட்டது.

அந்தோணி செல்ஃபை அழுத்தினார். எஞ்சின் எழுந்து உறுமியது. மரத்தடியில் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

அதிகாரி அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். கலியபெருமாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"இத்த சாரு சொல்லலீங்க" என்றார். "பாத்துகினே வந்தன், தெரிஞ்சிச்சி."

எனக்கு வாழ்க்கையில் எத்தனையோ நற்சாட்சிப் பத்திரம் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். நான் சொல்லாததை ஒருவர் கண்டுபிடித்தார் என்றால் அதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசு விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் அதிகாரி கொட்டகைக்குத் திரும்பிப் போய், எங்கள் சட்டத்தை ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டார். ஒரு எஞ்சினையும் வைத்து இதேபோல் இன்னும் இரண்டு செய்யலாமா என்று கேட்டார். அதற்கென்ன, நாங்கள் எப்போதுமே செயல்முறைப் பயிற்சியில் நம்பிக்கை உள்ளவர்கள் என்று வரதராஜன் பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நிபந்தனை இன்னும் அமலில் இருப்பதாக வைத்துக்கொண்டேன்.

ஊர்வலம்

மூன்று வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். ஆறு பேரும் தேறியிருந்தார்கள். ஆறு பெயரையும் நான் உரக்கப் படித்தேன். கலியபெருமாள் தன் பெயர் வந்ததும், அது எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று காட்டச் சொல்லி அதன்மேல் விரல் வைத்தார்.

அப்புறம் நடந்ததற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தோணி வண்டியை எடுத்தார். ஆறு பேரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஹார்னில் கைவைத்தது ராசாக்கண்ணு என்று நினைக்கிறேன். வைத்த கையை எடுக்கவே இல்லை. டவுன்ஷிப்பைப் பிளாக் பிளாக்காகச் சுற்றி, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நுழைந்து, டீக்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்க்க, அப்படியே வடக்குத்து.

இதற்காக எனக்கு மெமோ வந்தது. சுரங்க வண்டியின் ஹார்ன் ஏன் காரணமின்றி இடைவிடாமல் ஒலிக்கப்பட்டது, விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். வண்டியின் ஹார்ன் சோதனை செய்யப்பட்டது, நல்ல நிலையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அந்த வண்டி எங்கே போய் நின்றது என்று மெமோவில் இல்லை. அது புது மண்வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மேட்டில் போய் நின்றது. கான்ட்ராக்டில் பெண்கள் வரிசையாக மண் சுமந்துகொண்டிருந்தார்கள். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை அந்த வரிசையில் இருந்தார். இரண்டு பேர் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துவந்தது. ஹார்ன் சத்தத்தில் வரிசை நின்றது. தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, கூடை நிறைய மண். அப்படியே நின்று எங்களைப் பார்த்தார்.

கலியபெருமாள் வண்டியிலிருந்து குதித்து மேட்டில் ஏறினார். நாங்கள் கீழேயே நின்றோம்.

"பர்மனென்ட் ஆயிட்டன்" என்றார். 

அஞ்சலை சிரிக்கவில்லை. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, புருஷனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது நிஜமா, கேலியா என்று தெரியாத மாதிரி.

"அப்ப நாளைக்கி நான் மண்ணுக்கு வரணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

கலியபெருமாள் கையை நீட்டி, மனைவியின் தலையிலிருந்து கூடையை இறக்கினார்.

"வேணாம்" என்றார்.